துணிக்கு அந்தப் பக்கம்

மடக்கு ஏணியின் உச்சிப் படியில் ஒரு காலும் அதற்குக் கீழ்ப்படியில் ஒரு காலுமாக நின்றுகொண்டு தையல் பிரித்துக்கொண்டிருந்தாள் காஜா. மேடையின் அகலம் முழுக்கத் தொங்கிய பெரிய துணிக்குப் பின்பக்கம் அவள் இருந்தாள். முன்னால் நின்று பிரித்தால் பிளேடு சாட்டினைக் கீறிவிடும். பின்னாலிருந்து அடிநூலை மட்டும் அறுத்துக்கொண்டே போனால் மேலே வைத்துத் தைத்த துண்டு தானாகக் கழன்று தொங்கும். மாநாட்டு அரங்கில் அந்த நேரத்தில் யாரும் இல்லை. வெளியே எங்கோ மைக் செட்காரர்கள் இரும்புக் குழாய்களை இறக்குகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தையல் கடைக்கு முதன்முதலில் வந்தபோது சட்டைகளுக்குக் காஜா எடுப்பதுதான் அவள் வேலை. பிறகு மிஷினில் உட்கார்ந்து, கொடிகளும் மேடைத் துணிகளும் தைக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பெயர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. புருஷன்கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

"ஒரு சின்ன வேலைம்மா. துணிய இறக்கி மறுபடி ஏத்த நேரமில்ல. மேடையிலேயே முடிச்சிடு" என்று சொல்லித்தான் காலையில் கடை முதலாளி அவளைத் தன் வண்டியில் அழைத்து வந்தார். வந்த பிறகுதான் எந்தச் சின்னத்தை எடுக்க வேண்டும் என்று காட்டினார். பெரிய கட்சியின் சின்னத்துக்கு இடது பக்கம், தோளோடு தோளாக இருந்த நீல நங்கூரம். போன வாரம் அவளே வெட்டித் தைத்தது.

"ஏங்க இத எடுக்கச் சொல்றாங்க?"

"நமக்கெதுக்கும்மா ஏன், எதுக்குன்னு? தைக்கச் சொன்னாங்க, தைச்சோம். பிரிக்கச் சொன்னா பிரிக்கிறோம். ரெண்டுக்கும் கூலி உண்டு."

அவர் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வாசலில் இருந்த காவலாளி அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டிருந்தான். உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாதாம்.

நங்கூரம் சுமைதூக்குகிறவர்களின் கட்சி. துறைமுகக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்கள் சங்கமாகச் சேர்ந்து, சங்கம் வளர்ந்து கட்சியாகியிருந்தது. காஜாவின் புருஷன் அதில் ஒருவன். மூட்டையில் மாட்டி இழுக்கிற இரும்புக் கொக்கியை எந்நேரமும் இடுப்பில் செருகியிருப்பதால் அவனுக்குக் கொக்கி என்றே பெயர். போன ஆட்சியில் அவர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது ஒரு போலீஸ் ஜீப் எரிந்தது. யார் கொளுத்தினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்றவர்கள் மீதெல்லாம் வழக்குப் போட்டார்கள். கொக்கி தலைமறைவாகி மாதக்கணக்கில் வீட்டுக்கு வரவில்லை. அப்போது எதிர்க்கட்சியில் இருந்த பெரிய கட்சியின் தலைவர் துறைமுகத்துக்கே வந்து, நங்கூரத்தின் தலைவர் வாத்தியாருடைய கையைப் பிடித்துத் தூக்கி, "நாங்க ஆட்சிக்கு வந்த மறுநாள் இந்தக் கேஸ் குப்பைத் தொட்டியில" என்றார். நங்கூரத்தின் ஓட்டுகள் எல்லாம் அவருக்கு விழுந்தன. அவர் ஆட்சிக்கு வந்தார். வழக்கு குப்பைத் தொட்டிக்குப் போகவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற நாயை எதற்கு எழுப்ப வேண்டும் என்று வாத்தியார் சொன்னார். ஆண்கள் வீடு திரும்பி வேலைக்குப் போனார்கள். அடுத்த தேர்தலும் வந்துவிட்டது.

நங்கூரத்தின் ஒரு கொக்கிமுனை கழன்று துணி லேசாக உப்பியது. என்னவாக இருக்கும் என்று காஜா யோசித்தாள். இடம் மாற்றித் தைக்கச் சொல்வார்களாக இருக்கும். அளவு பெரிதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது மேடைப் பலகைகள் அதிர்ந்தன. இரண்டு மூன்று பேர் ஏறி வந்தார்கள். நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"ஆபீஸ் வாசல்ல பத்திரிகைக்காரங்க தவம் கெடக்கறாங்க தலைவரே. இங்கேயே பேசி முடிச்சிடலாம்" என்றது ஒரு குரல். பெரிய கட்சியின் செயலாளர். கொடிக் கணக்குப் பார்க்கக் கடைக்கு வருகிறவர் என்பதால் காஜாவுக்கு அந்தக் குரல் பழக்கம்.

"பின்னாடி யாரு? துணி ஆடுது."

"தையல்காரம்மா. அந்தச் சின்னத்த எடுக்கறாங்க."

"சரி, எடுக்கட்டும்."

அவ்வளவுதான். அவளைப் போகச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை. தலைவர் நீளமாக இருமினார். வெந்நீர் கொண்டு வரச் சொன்னார். மேடையில் கேட்கிற குரல் இல்லை இது. சளி பிடித்த, சோர்ந்துபோன ஒரு வீட்டுக்காரரின் குரல்.

"கொடுத்த வாக்குறுதியில எத எத வெச்சுக்கறோம், எத விடறோம்னு இன்னைக்கு முடிவு பண்ணியாகணும்" என்றார் செயலாளர். "பஸ் கட்டணத்த வெச்சுக்கலாம். அதுல கை வெச்சா வீடு வீடா திட்டுவாங்க. ஓய்வூதியத்துக்கு ஒரு கமிட்டி போட்டுடலாம். கமிட்டி போட்டா ஆறு மாசம் யாரும் வாய் தொறக்க மாட்டாங்க. துறைமுகம்தான் தொண்டையில முள்ளு."

"துறைமுகத்த எடுக்கப் போற கம்பெனிக்காரங்க என்ன சொல்றாங்க?"

"அந்த ஜீப் கேஸ் ஆளுங்க வெளிய திரியற வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டாங்களாம். அவங்க உள்ள போயிட்டா சங்கம் தானா படுத்துடும்ங்கறாங்க. மாநாட்டுக்கு முன்னாடி முடிஞ்சா மாநாட்டுலயே ஒப்பந்தத்த அறிவிச்சிடலாம்."

"நங்கூரம் போனா எத்தனை ஓட்டுப் போகும்?"

"துறைமுகத் தொகுதி ஒண்ணுதான். கம்பெனி பக்கம் நின்னா மத்த எடத்துல அதுக்கு மேல வரும்."

தலைவர் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தார்.

"பாவம்தான்" என்றார். "கழட்டி விட்டுடலாம்."

காஜாவின் கை நின்றது. துணியைத் தாங்கியிருந்த குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, நிறுத்திட்டீங்க?" செயலாளரின் குரல் துணியைத் தாண்டி வந்தது. "மத்தியானத்துக்குள்ள முடியணும்."

அவள் மறுபடி பிளேடை எடுத்தாள். அது விரலில் கீறிவிட்டது. ரத்தம் துணியில் படாமல் இருக்க விரலை வாயில் வைத்துக்கொண்டு மற்ற கையால் அறுத்தாள்.

சற்று நேரத்தில் வாத்தியார் வந்தார். ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளிகளுக்கு வேலை முடிந்தபின் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர். தலைமறைவாக இருந்த நாட்களில் இரண்டு வாரம் காஜாவின் வீட்டில்தான் ஒளிந்திருந்தார். அவள் மகளுக்குக் கூட்டல் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும் அப்போதுதான். அவர் குரல் கேட்டதும் காஜாவுக்கு உயிர் வந்தது. இவர் விடமாட்டார் என்று நினைத்தாள்.

"என்ன தலைவரே இது? எங்க சின்னம் ஒரு பக்கம் பிஞ்சு தொங்குது?"

"உக்காருங்க வாத்தியாரே. வெந்நீர் சாப்பிடறீங்களா? எனக்கு ரெண்டு நாளா தொண்டையே சரியில்ல."

செயலாளர்தான் பேசினார். நங்கூரத்தைக் கலைத்துவிட்டுப் பெரிய கட்சியில் சேர்ந்துவிட வேண்டும். வாத்தியாருக்குத் துறைமுக வாரியத்தில் ஒரு பதவி. மற்ற தொழிலாளிகளுக்குக் கம்பெனியே வேலை கொடுக்கும். வழக்கில் இருக்கிறவர்களை மட்டும் காப்பாற்ற முடியாது.

"நான் அவங்க கையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார் வாத்தியார். "உங்க கையப் புடிச்சிக்கிட்டுத்தான் தலைவரே சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. நான் பக்கத்துல நின்னேன்."

"கேஸ்ல முதல் பேரே என் பேருதானே?"

"அதத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார் செயலாளர். "முதல்லயும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம்."

வாத்தியார் உட்கார்ந்திருந்த நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. இப்போது எழுந்துவிடுவார், சண்டை போடுவார் என்று காஜா காத்திருந்தாள்.

"என் தங்கச்சி மகன் ஒருத்தன் அதுல இருக்கான்" என்றார் வாத்தியார் கடைசியில். "சின்னப் பையன்."

"அவனையும் எடுத்துடலாம். அதுக்கு மேல கேக்காதீங்க. இன்னைக்கே முடிக்கணும். வீடு வீடா போனா பொம்பளைங்க, பிள்ளைங்கன்னு கூட்டம் கூடிடும். சாயந்திரம் எல்லாரையும் சங்க ஆபீஸுக்கு வரச் சொல்லுங்க. கேஸ் வாபஸ் ஆகுதுன்னு சொல்லுங்க. அடிதடி இல்லாம அமைதியா முடிஞ்சிடும். அவங்களுக்கும் அதான் நல்லது."

வாத்தியார் சரி என்று சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. "நல்லது, நல்லது" என்று செயலாளர் சொன்னதுதான் கேட்டது.

மேடைப் பலகைகள் மறுபடி அதிர்ந்தன. தலைவரின் இருமல் தூரமாகப் போயிற்று. காஜா ஏணியை விட்டு இறங்கப் பார்த்தாள். அப்போது துணியின் ஓரத்தை விலக்கிக்கொண்டு வாத்தியார் பின்பக்கம் வந்தார். கழிவறையைத் தேடித்தான் வந்திருக்க வேண்டும். முகம் முழுக்க வேர்த்திருந்தது. ஏணியின் மேலே யார் என்று நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நீயா" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் மேடைப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். ஏணி லேசாக ஆடியது.

"கொக்கிய இப்பவே ஊர விட்டு அனுப்பிடு. உங்கண்ணன் ஊருக்குப் போகச் சொல்லு. அவன் மட்டும்தான், தெரியுதா? வேற யாராவது ஒருத்தன் சாயந்திரம் வரலைன்னாலும் எங்கேருந்து போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிடும். எனக்குத் தெரிஞ்சா இவங்களுக்கும் தெரிஞ்சிடும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஐயா, மத்தவங்க எல்லாம்..."

"உன் வீட்டு உப்பத் தின்னிருக்கேன். அதுக்காக இது. உனக்கு ஒரு பொண்ணு இருக்கு, ஞாபகம் வெச்சுக்க."

"சரிங்கய்யா" என்றாள் காஜா.

அவர் போன பிறகும் அந்த வார்த்தை அவள் வாயில் கசந்துகொண்டே இருந்தது.

மிச்ச நூலை அறுத்து முடித்து, முன்னால் வந்து கழன்று விழுந்த நங்கூரத்தைச் சுருட்டினாள். மேடைத் துணியில் ஊசி பட்ட துளைகள் நங்கூரத்தின் வடிவத்திலேயே வரிசையாகத் தெரிந்தன. முதலாளி வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் தெளித்து இஸ்திரி போடச் சொன்னார். போட்டாள். துளைகள் மூடிக்கொண்டன.

"மொகம் ஏம்மா வெளுத்துப் போயிருக்கு?"

"தலை சுத்துதுங்க."

"ஏணியில நின்னா அப்படித்தான். வீட்டுக்குப் போ. நாளைக்கு வந்தா போதும்."

வாசலில் போனை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை ஓடினாள். கொக்கிக்கு மறுபடி மறுபடி அடித்தாள். மூட்டை தூக்குகிறபோது அவன் போனை எடுக்கமாட்டான். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். பக்கத்தில் நின்றவர் காக்கி கால்சட்டை போட்டிருந்தார். அவர் ஒரு தபால்காரர் என்று தெரிகிறவரை அவளுக்கு மூச்சு வரவில்லை.

கிடங்கு வாசலில் லாரியிலிருந்து சிமெண்ட் இறங்கிக்கொண்டிருந்தது. கொக்கியின் புருவம், இமை எல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. அவளைக் கண்டதும் சிரித்துக்கொண்டே வந்தான்.

"சேதி தெரிஞ்சு ஓடி வந்தியா? வாத்தியாரு போன் பண்ணியிருக்காரு. கேஸ் வாபஸாம். சாயந்திரம் எல்லாரையும் ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்காரு."

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லாரியின் மறைவுக்குப் போனாள். கேட்டதையெல்லாம் சொன்னாள். கொக்கி முதலில் சிரித்தான். பிறகு கோபப்பட்டான்.

"துணிக்குப் பின்னால நின்னு என்னத்தையோ அரைகுறையாக் கேட்டுட்டு வந்து உளறாத. நம்ம வீட்டுல கெடந்தவருடி அவரு."

"அவரோட தங்கச்சி மகன் பேர மட்டும் எடுத்துட்டாங்கய்யா. அவன் எங்க? இருக்கானா பாரு."

கொக்கி திரும்பிப் பார்த்தான். லாரியடியில் நாலைந்து பேர் முதுகில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தப் பையன் இல்லை.

"வயித்து வலின்னு இப்பதான் போனான்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் மாறிவிட்டது. "ஒரு போன் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் வலின்னான்."

"நீ இப்படியே கிளம்பு. வீட்டுக்கு வராத. அண்ணன் ஊருக்குப் போயிடு."

"மத்தவங்க?"

"சொல்லாத."

"சோடா?"

சோடா அவனுடைய கூட்டாளி. சோடா பாட்டில் அடிப்பாகம் போலக் கண்ணாடி போட்டிருப்பான். பக்கத்து வீடு. இரண்டு பேரும் ஒரே மூட்டையை இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்குகிறவர்கள். ஒருவன் கையை விட்டால் மற்றவன் முதுகு போய்விடும். இத்தனை வருடத்தில் ஒருவன் கையை இன்னொருவன் விட்டதில்லை.

"யாருக்கும் சொல்லாதய்யா. உன்ன மட்டும்தான் விட்டிருக்காரு. வெளிய போச்சுன்னா உன்னையும் புடிச்சு, என்னையும் புடிச்சுட்டா பொண்ணு எங்க போவா?"

கொக்கி அவளையே பார்த்தான். பிறகு லாரியைச் சுற்றி சோடாவிடம் போனான். காஜா டயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோடா எதையோ சொல்லிச் சிரித்தான். கொக்கி அவன் தோளில் கை வைத்தான். வாய் அசைந்தது போலிருந்தது. சோடா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்த மூட்டைக்குக் குனிந்தான். கொக்கி திரும்பி வந்தான்.

"சொன்னியா?"

"கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேன், மூட்டைய வேற யாராச்சும் புடிக்கச் சொல்லுன்னு சொன்னேன்."

அவன் அழுதான். கண்ணீர் இறங்கிய இடத்தில் மட்டும் கன்னம் தன் நிறத்துக்கு வந்தது. காஜா முந்தானையால் அவன் முகம் முழுவதையும் துடைத்துவிட்டாள். பஸ்ஸில் யாரும் உற்றுப் பார்க்கக் கூடாதே என்றுதான் துடைத்தாள். அவன் பின்வாசல் வழியாகப் போனான்.

தெருக் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. சோடாவின் பெண்டாட்டி குடங்களை வரிசை வைத்துவிட்டு, யாரோ சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை அவளுக்கு. வேலையிலிருந்து வந்த சேலையோடு நின்றாள்.

"அக்கா, கேட்டியா? கேஸ் வாபஸாம். இனிமே வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்கார வேணாம். இன்னைக்கு அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கப் போறேன் பாரு, நாளைக்கு யாராச்சும் தண்ணி தெளிச்சுத்தான் எழுப்பணும்."

காஜா குடத்தைக் குழாயடியில் வைத்தாள். குடம் நிறைந்து வழிகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உன் வீட்டுக்காரர இன்னைக்கு ஆபீஸுக்குப் போக வேணாம்னு சொல்லேன்" என்றாள்.

"ஏன்க்கா?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. முனையில் ஒரு ஆள் பைக்கை நிறுத்திவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவனை இதற்குமுன் அந்தத் தெருவில் பார்த்ததில்லை.

"சும்மாதான். மனசு சரியில்ல."

"உனக்குப் பூனை தும்முனாக்கூட மனசு சரியிருக்காது" என்று சொல்லி அவள் காஜாவின் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள். "இத்தனை வருஷம் காத்துக் கெடந்து, நல்ல சேதி வர்ற அன்னைக்குப் போகாம இருக்கறதா? உன் ஆளு போகலியா?"

"போவாரு" என்றாள் காஜா.

சாயந்திரம் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். காஜா கதவைத் தாழ் போட்டுவிட்டு, ஏற்கனவே துவைத்த துணிகளை மறுபடி துவைத்தாள். போலீஸ் வேன்கள் தெருவுக்குள் வரவில்லை. பெரிய சாலையிலேயே போய்விட்டன. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொருத்தி. கதவுகள் படபடவென்று திறந்தன. ஓடாமல் இருந்தால் தெரிந்துவிடும் என்று காஜாவும் ஓடினாள்.

சங்க ஆபீஸில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டீ டம்ளர்கள் பாதி குடித்தபடி பெஞ்சில் இருந்தன. ஒன்றுகூடக் கவிழவில்லை. அடிதடியே நடக்கவில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. ஆண்கள் யாரும் இல்லை. வாசலில் அவர்கள் கழற்றிவிட்டுப் போன செருப்புகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. வெறுங்காலோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பெண்கள் கொஞ்ச நேரம் கத்தினார்கள். பிறகு ஒருத்தி குனிந்து தன் புருஷனின் செருப்பை எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். சோடாவின் பெண்டாட்டி ஒரு செருப்பை எடுத்து, அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்ததைத் தடவிப் பார்த்து, ஜோடியைத் தேடி எடுத்தாள். எல்லோரும் எடுத்து முடித்தபோது வாசல் காலியாகிவிட்டது. காஜாவின் கையில் ஒன்றும் இல்லை.

"கொக்கி அண்ணன் செருப்பு எங்க?" என்று கேட்டாள் சோடாவின் பெண்டாட்டி.

காஜா காலியான வாசலைப் பார்த்தாள்.

"அவரு வரலியா?"

"அவசரமா அண்ணன் ஊருக்கு..."

சோடாவின் பெண்டாட்டி செருப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு காஜாவின் முகத்தையே பார்த்தாள். குழாயடியில் நடந்தது அவளுக்கு ஞாபகம் வருவது அவள் கண்ணில் தெரிந்தது.

மறுநாள் மாநாடு. டிவியில் காட்டினார்கள். மேடைத் துணி சுருக்கமே இல்லாமல் தொங்கியது. தலைவர் தொண்டை கட்டிய குரலில் துறைமுகத்துக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றார். காஜா வேலைக்குப் போகவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்துவிட்டாள். யாரும் பக்கத்தில் உட்காரவில்லையாம். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணன் போன் செய்தார். கொக்கி வந்து சேர்ந்துவிட்டான். சாப்பிட மாட்டேன் என்கிறான். அறையை விட்டு வெளியே வரவில்லை.

"இன்னொண்ணும்மா" என்றார் அண்ணன். "காலையிலேர்ந்து எதிர்த்த கடையில ரெண்டு பேர் நிக்கறாங்க. இந்த ஊர்க்காரங்க மாதிரி தெரியல. நீ யாருக்காச்சும் சொன்னியா?"

"இல்லண்ணே."

"யார் கேட்டாலும் ஒண்ணும் பேசிடாத. வாயத் தொறந்தா அவ்வளவுதான்னு மாப்பிள்ளை சொல்லச் சொன்னாரு."

போனை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மகளைச் சுவரோடு ஒட்டி உட்காரச் சொல்லிவிட்டு, ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். போலீஸ் இல்லை. வாத்தியார். கையில் கட்டுப் போட்டிருந்தார். பெண்கள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

"என்னையும் வண்டியிலதான் ஏத்தினாங்க" என்று அவர் சொல்வது கேட்டது. "வழியில எறக்கி விட்டுட்டாங்க. நான் மட்டும் வெளிய நிக்கறேனேன்னு ராத்திரி பூரா தூக்கமில்ல."

ஒருத்தி விம்மினாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. காஜா அசையவில்லை. மறுபடி தட்டியபோது தாழை விலக்கினாள். சோடாவின் பெண்டாட்டி நின்றாள். அழுது அழுது கண் இடுங்கியிருந்தது. வீட்டுக்குள் காலை வைக்கவில்லை.

"ஒரு சேர் வேணும்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. "வாத்தியாரு நிக்க முடியாம நிக்கறாரு. இந்தத் தெருவுல உங்க வீட்டுலதான் இருக்கு."

அவளை இழுத்து உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று காஜாவுக்கு இருந்தது. அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். காரின் பக்கத்தில், முன்தினம் பைக்கில் வந்த ஆள் நின்றுகொண்டிருந்தான்.

உள்ளே போய் நாற்காலியில் கிடந்த மகளின் பையை எடுத்துக் கீழே வைத்தாள். நாற்காலியைத் தூக்கி வந்து வாசலுக்கு வெளியே வைத்தாள். சோடாவின் பெண்டாட்டி அதை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஜன்னல் இடுக்கு வழியே காஜா பார்த்தாள். வாத்தியார் உட்கார்ந்தார். பெண்கள் அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். சோடாவின் பெண்டாட்டி ஒரு அட்டையை எடுத்து அவருக்கு விசிறத் தொடங்கினாள்.

"உள்ளயே இருந்து யாரோ காட்டிக் கொடுத்திருக்காங்கம்மா" என்றார் அவர். "யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அது உங்களுக்கே தெரியும்."

பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி அவள் வீட்டைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை. குனிந்து, கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டிருந்தார். அட்டை ஆடிக்கொண்டே இருந்தது.